குறுகிய கால அருட்பணிப் பயணம்: புறப்படுமுன் செய்ய வேண்டிய ஆயத்தங்கள்

கிறிஸ்தவத் திருச்சபை ஒன்றைச் சேர்ந்த சிலர் குழுவாக வேறொரு நாட்டுக்குச் சென்று, சில நாட்களோ சில வாரங்களோ தங்கி, சமயப் பணியும் சமூகப் பணியும் செய்துவிட்டு ஊர் திரும்புவது குறுகிய கால அருட்பணிப் பயணம் எனப்படும். ஓராண்டு வரை நீளும் பயணங்களையும் இந்தப் பெயரில் சேர்ப்பவர்கள் உண்டு. நடைமுறையில் பெரும்பாலானவை ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. வட அமெரிக்காவில் இது மிகப் பரவலான வழக்கம். அமெரிக்கத் திருச்சபை உறுப்பினர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 16 லட்சம் பேர் இவ்வாறு வெளிநாடு செல்வதாக, 2005ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஒன்றின் அடிப்படையில் சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ மதிப்பிட்டார். தென் கொரியத் திருச்சபைகளும் பெருமளவில் குழுக்களை அனுப்புகின்றன.

போகிறவர்கள் செய்யும் வேலைகள் பலவகை. வீடு கட்டுவார்கள், கிணறு தோண்டுவார்கள், பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள், மருத்துவ முகாம் நடத்துவார்கள், சிறுவர்களுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவார்கள். இவற்றைப் பற்றிய ஆய்வுகள் வட அமெரிக்காவிலிருந்து ஹொண்டுராஸ் முதலிய மத்திய அமெரிக்க நாடுகளுக்குச் செல்லும் குழுக்களை வைத்து நிறைய நடந்திருக்கின்றன. எனவே இக்கட்டுரை பெரும்பாலும் அக்குழுக்களை மனத்தில் கொண்டே எழுதப்பட்டுள்ளது. வேறு நாடுகளில் நடந்த சில நிகழ்ச்சிகள் இடையிடையே வரும்.

ஆயத்தம் என்றதும் பெட்டியில் எதையெல்லாம் அடுக்குவது என்பதே பலருக்கு முதலில் தோன்றுகிறது. பெட்டி கடைசி வாரத்து வேலை. அதற்கு முன்னால் முடித்திருக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

வழக்கம் தோன்றிய விதம்

பழைய அருட்பணியாளர்களுக்குப் பயணமே ஒரு பெரும் பகுதி. பர்த்தலோமேயு சீகன்பால்கு 1705 நவம்பரில் கோபன்ஹேகனிலிருந்து கப்பலேறி 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். வந்து சேரவே ஏழு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இறங்கியபின் திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். இடையில் ஒருமுறை ஐரோப்பா சென்று வந்தது தவிர, 1719இல் இறக்கும்வரை தரங்கம்பாடியே அவருடைய ஊர். அவ்வளவு தூரம் வந்தவர் பத்து நாளில் திரும்பிப் போவது என்ற பேச்சுக்கே அந்தக் காலத்தில் இடமில்லை.

1950களின் இறுதியில் ஜெட் விமானப் பயணம் வந்து இந்தக் கணக்கை மாற்றியது. 1957இல் ஜார்ஜ் வெர்வர் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் இரண்டு நண்பர்களோடு கோடை விடுமுறையில் ஒரு லாரியில் சமய நூல்களை ஏற்றிக்கொண்டு மெக்சிகோ போனார். பின்னாளில் ஆபரேஷன் மொபிலைசேஷன் என்று பெயர்பெற்ற அமைப்பு அந்தப் பயணத்திலிருந்து வளர்ந்தது. 1960இல் லோரன் கன்னிங்ஹாம், யூத் வித் எ மிஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார். நீண்ட இறையியல் படிப்பு முடிக்காத இளைஞர்களையும் குறுகிய காலத்துக்கு அனுப்பலாம் என்பது அவருடைய எண்ணம். அதன்பின் ஊர்த் திருச்சபைகள் எந்தப் பெரிய அமைப்பின் துணையும் இல்லாமல் தாங்களே குழு சேர்த்துப் புறப்படத் தொடங்கின.

அழைத்தது யார்?

ஆயத்தத்தில் முதற்கேள்வி இதுதான். பதில் தெளிவாக இல்லையென்றால் விமானச் சீட்டு எடுப்பதை நிறுத்திவைக்க வேண்டும்.

அழைப்பு என்பது, போகும் ஊரில் நிலையாக இயங்கும் ஒரு திருச்சபையோ பள்ளியோ மருத்துவமனையோ, இன்ன வேலைக்கு, இன்ன மாதத்தில், இத்தனை பேர் வரலாம் என்று தானே சொல்வது. "நாங்கள் ஜூலையில் பதினெட்டுப் பேர் வருகிறோம், எங்களுக்கு வேலை ஏதாவது இருக்குமா?" என்று கேட்டு, "வாருங்கள்" என்று பதில் பெறுவது அழைப்பாகாது. ஏழைத் திருச்சபையின் போதகர் பணக்காரத் திருச்சபைக்கு "வேண்டாம்" என்று எழுதுவது எளிதன்று. அடுத்த ஆண்டு கூரைக்கு வரும் உதவி நின்றுபோகுமோ என்ற பயம் அவருக்கு இருக்கும். ஒரே சுவருக்கு ஒரே கோடையில் பல குழுக்கள் அடுத்தடுத்து வண்ணம் அடித்த கதைகள் இத்துறையில் அடிக்கடி பேசப்படுவதற்குக் காரணம் இதுவே.

இதை நான் மறுபக்கத்தில் இருந்து ஒருமுறை பார்த்திருக்கிறேன். என் பணிக்காலத்தில் நான் வேலைபார்த்த பள்ளிக்கு வெளிநாட்டுக் குழு ஒன்று வந்தது. நல்ல மனிதர்கள். பிள்ளைகளுக்குப் பேனாவும் வண்ணப் பென்சிலும் கொடுத்தார்கள், பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். அது காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம். வரவேற்புப் பாட்டு ஒத்திகைக்கு இரண்டு நாள், வந்த நாள் ஒன்று, மேடையைக் கழற்றிப் பெஞ்சுகளைத் திரும்பப் போட அரை நாள். பத்தாம் வகுப்புக் கணக்கில் ஒரு பாடம் முழுதாக நின்றுபோயிற்று. வந்தவர்களுக்கு இது தெரியாது. நாங்களும் சொல்லவில்லை. விருந்தாளியிடம் அதை எப்படிச் சொல்வது? எந்த வாரம் வந்தால் தொந்தரவு இல்லை என்று அவர்கள் முன்கூட்டிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

ஆகவே அழைப்பவரிடம் கேள்விகளை எழுத்தில் அனுப்புவது நல்லது. பயிர் அறுவடை எப்போது, பள்ளித் தேர்வு எப்போது, மழை எப்போது? எத்தனை பேருக்குப் படுக்க இடம் உண்டு? எங்களை அழைத்துத் திரிய எத்தனை பேர் தங்கள் வேலையை விட்டுவிட்டு வரவேண்டும், அவர்களுக்கு நாட்கூலி என்ன? நாங்கள் செய்யப்போகும் வேலையை அந்த ஊரில் கூலிக்குச் செய்பவர்கள் இருக்கிறார்களா? நாங்கள் வராமல் பணம் மட்டும் அனுப்பினால் உங்களுக்கு அதுதான் வசதியா? கடைசிக் கேள்வியைக் கேட்பதற்குத் துணிவு வேண்டும். கேட்டுவிட்டு, வருகிற பதிலுக்குக் கட்டுப்படவும் வேண்டும்.

இந்த விமரிசனம் புதிதன்று. 1968 ஏப்ரலில், மெக்சிகோ நாட்டின் குவெர்னவாகா நகரில், கிராமங்களுக்குத் தொண்டு செய்யப் புறப்பட்டிருந்த அமெரிக்க மாணவர்கள் முன்னிலையில் இவான் இல்லிச் பேசினார். அவர் கத்தோலிக்கக் குருவும் சிந்தனையாளரும் ஆவார். மொழி தெரியாமல் வந்து நிற்கும் நீங்கள் யாருக்கு என்ன செய்துவிட முடியும் என்று அவர் கேட்டார். உதவியே செய்ய வேண்டுமென்றால், பிடிக்காதபோது உங்கள் முகத்துக்கு நேரே போய்விடச் சொல்லக்கூடிய உங்கள் நாட்டு ஏழைகளிடம் போங்கள் என்றார். மெக்சிகோவைப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அதை இன்றும் சில குழுக்கள் பயிற்சிக் கூட்டத்தில் படிக்கக் கொடுக்கின்றன. என் கருத்தில் இல்லிச் சற்று மிகையாகவே பேசினார். ஆனாலும் போகுமுன் படித்துவிட்டுப் போவது நல்லது.

அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இதே நரம்பைத் தொட்டவர் ஒரு தமிழர். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. சா. அசரியா, 1910இல் எடின்பரோவில் நடந்த உலக அருட்பணி மாநாட்டில் பேசினார். மேல்நாட்டு அருட்பணியாளர்கள் பொருளைக் கொடுத்தார்கள், உயிரையும் கொடுத்தார்கள், அதற்காக இந்தியத் திருச்சபை நன்றியோடு இருக்கும். ஆனால் சமமாக உட்கார்ந்து பழகும் நட்பையும் தாருங்கள் என்று அவர் கேட்டார். அரங்கில் பலருக்கு அது கசந்தது. இரண்டு ஆண்டு கழித்து அவர் தோர்ணக்கல் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. பத்து நாளில் நட்பு வளருமா என்றால் வளராது. ஒரே ஊருக்கு ஆண்டுதோறும் போனால், அவர்களையும் இங்கே அழைத்து உபசரித்தால், சில ஆண்டுகளில் வளரக்கூடும். எனவே ஆண்டுக்கு ஒரு புதிய நாடு என்று திட்டமிடும் குழுவைவிட ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும் குழுவே மேல்.

பணக் கணக்கு

பயணச் செலவு ஒருவருக்கு ஓரிரு ஆயிரம் டாலர் ஆவது சாதாரணம். இளைஞர்கள் உறவினருக்கும் திருச்சபையாருக்கும் கடிதம் எழுதியும், கார் கழுவியும், கேக் விற்றும் அதைச் சேர்க்கிறார்கள். கொடுத்தவர்கள் ஏழைகளுக்குக் கொடுத்ததாகவே நினைக்கிறார்கள். அந்தப் பணத்தின் பெரும் பங்கு விமான நிறுவனத்துக்குப் போகிறது.

1998ஆம் ஆண்டின் இறுதியில் மிட்ச் என்ற சூறாவளி ஹொண்டுராஸ் நாட்டைச் சிதைத்தது. ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். வீடிழந்தவர்களுக்கு வீடு கட்ட வட அமெரிக்காவிலிருந்து குழுக்கள் வந்தன. மிச்சிகன் மாநிலத்துக் கால்வின் கல்லூரியின் சமூகவியலாளரும் ஹொண்டுராஸில் நெடுங்காலம் வாழ்ந்தவருமான கர்ட் வெர் பீக் பின்னர் அவற்றை ஆராய்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார். உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு ஒன்று ஏறத்தாழ 2,000 டாலரில் கட்டி முடித்த ஒரு வீட்டுக்கு, வெளிநாட்டுக் குழு பயணச் செலவு உட்பட ஏறத்தாழ 30,000 டாலர் செலவழித்திருந்தது. ஒரு குழு வந்துபோன பணத்தில் பதினைந்து வீடு எழுந்திருக்கும். யார் கட்டிய வீட்டில் குடியிருக்கிறோம் என்பதால் குடும்பங்களின் வாழ்க்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதும் தெரிந்தது.

சரி, போனவர்கள் மாறித் திரும்பினார்களே, அது ஒரு பயன் இல்லையா என்று கேட்கலாம். அதையும் அவர் பார்த்தார். திரும்பியபின் தங்கள் கொடையும் பிரார்த்தனையும் கூடியதாகப் பலர் சொன்னார்கள். வீடு கட்டிய அமைப்பின் கணக்குப் புத்தகத்தில் அந்த அளவுக்கு உயர்வு தெரியவில்லை. பொய் சொன்னார்கள் என்பதல்ல. மாறிவிட்டோம் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள்.

இதை வைத்து யாரும் எங்கும் போகக்கூடாது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. வெர் பீக் சொன்னதும் அதுவன்று. முன்னால் ஆயத்தமும் பின்னால் தொடர் பொறுப்பும் இருந்தால் மாற்றம் நிலைக்கும் என்பதே அவர் நம்பிக்கை. கணக்கை மறைக்காமல் போக வேண்டும். நிதி கேட்டு எழுதும் கடிதத்தில், விமானச் சீட்டுக்கு இவ்வளவு, தங்குமிடத்துக்கு இவ்வளவு, அந்த ஊர் வேலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்டலாம். பயணச் செலவுக்கு ஈடான ஒரு தொகையை அந்த ஊர்க்காரர்களே தீர்மானித்துச் செலவழிக்கும்படி தனியாகக் கொடுப்பதும் ஒரு வழி. கட்டட வேலை என்றால் உள்ளூர்க் கொத்தனாரைக் கூலிக்கு அமர்த்தி, அவரை மேஸ்திரியாக வைத்து, வந்தவர்கள் சித்தாள் வேலை பார்க்கலாம். கரண்டி பிடித்தறியாதவர்கள் கட்டிய சுவரை இரவில் இடித்துத் திரும்பக் கட்டும் சங்கடம் அப்போது வராது.

சட்டமும் ஆபத்தும்

கடவுச்சீட்டு திரும்பும் நாளுக்குப் பின்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் எதிர்பார்க்கின்றன. இது எல்லாருக்கும் தெரியும். விசாவின் வகைதான் பலர் கோட்டைவிடும் இடம். சுற்றுலா விசாவில் போய்ச் சமயப் போதனை செய்வது பல நாடுகளில் குற்றம். இந்தியா அருட்பணியாளர்களுக்கென்று தனி விசா வைத்திருக்கிறது. சுற்றுலா விசாவில் வருபவர் போதனையில் ஈடுபட்டால் திருப்பி அனுப்பப்படலாம். நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி, மதம் மாற்ற முயல்வதற்கு ஐந்து ஆண்டுவரை சிறையும் 50,000 ரூபாய்வரை அபராதமும் உண்டு. வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்தப்படுவார். இந்தச் சட்டம் சரியா தவறா என்பது வேறு விவாதம். அதை மீறியவர் விமானமேறிப் போனபின், அவரை வீட்டில் தங்க வைத்தவரும் மொழிபெயர்த்தவரும் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும். காவல் நிலையத்துக்கு அலைய வேண்டியவர்கள் அவர்கள்தான்.

தென் கொரியாவின் புந்தாங் பகுதியைச் சேர்ந்த செம்முல் திருச்சபையிலிருந்து 23 பேர் 2007 ஜூலையில் ஆப்கானிஸ்தானுக்குச் சென்றார்கள். பெரும்பாலோர் பெண்கள். போகவேண்டாம் என்று அரசு எச்சரித்திருந்தது. விமான நிலையத்தில் அந்த எச்சரிக்கைப் பலகைக்கு முன்னாலேயே நின்று அவர்கள் எடுத்துக்கொண்ட புகைப்படம் பின்னர் நாடெங்கும் பேசப்பட்டது. காபூலிலிருந்து கந்தகார் செல்லும் சாலையில் பேருந்தோடு தாலிபான்கள் அவர்களைப் பிடித்தார்கள். குழுவை நடத்திச் சென்ற போதகரும் இன்னோர் ஆணும் கொல்லப்பட்டனர். மற்றவர்கள் ஆகஸ்ட் இறுதிக்குள் விடுவிக்கப்பட்டார்கள். அதற்காகத் தன் படையை ஆண்டு இறுதிக்குள் திரும்பப் பெறுவதாகவும், தன் நாட்டவரின் அருட்பணியை அங்கே நிறுத்துவதாகவும் கொரிய அரசு ஒப்புக்கொண்டது. பத்து நாள் பயணம் ஒன்று ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையைத் தொட்டுவிட்டது.

2018 நவம்பரில் அந்தமானின் வட சென்டினல் தீவில் இறந்த அமெரிக்க இளைஞர் ஜான் ஆலன் சாவ் சென்றது குறுகிய காலக் குழுப் பயணம் அன்று. ஆனாலும் ஆயத்தத்தைப் பற்றிப் பேசும்போது அவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் பயிற்சி பெற்றிருந்தார், தடுப்பூசிகள் போட்டிருந்தார், தன்னிடமிருந்து நோய் தொற்றக்கூடாதென்று தனித்தும் இருந்தார். அந்தத் தீவு மக்கள் யாரையும் அழைக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். அங்கே செல்வதைச் சட்டமும் தடுத்திருந்தது. அவரைப் படகில் கொண்டுபோன மீனவர்கள் கைதானார்கள்.

உடல்நலம்

புறப்படுவதற்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சில தடுப்பூசிகளை இடைவெளி விட்டுப் பலமுறை போட வேண்டியிருக்கும். கானா, உகாண்டா போன்ற நாடுகளுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பின்னரே அந்தச் சான்றிதழ் செல்லும். 2016 முதல் அது வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாகிறது. மலேரியா மாத்திரை எது என்பது போகும் நாட்டைப் பொறுத்தது. ஹொண்டுராஸில் பழைய குளோரோகுயின் இன்னும் வேலை செய்கிறது. ஆப்பிரிக்காவில் அதை நம்ப முடியாது. எந்த மாத்திரையானாலும் ஊர் திரும்பியதும் நிறுத்திவிடக்கூடாது. மருந்துக்கு ஏற்ப ஒரு வாரமோ நான்கு வாரமோ தொடர வேண்டும். டெங்குவுக்கு அப்படி மாத்திரை கிடையாது. அந்தக் கொசு பகலில் கடிப்பது. 2019இல் ஹொண்டுராஸ் கடுமையான டெங்குப் பரவலைச் சந்தித்தது. முழுக்கைச் சட்டையும் கொசுவிரட்டியும்தான் அங்கே துணை.

பல்வலி இருந்தால் போகுமுன்பே பார்த்துவிட வேண்டும். மருந்துகளை அதனதன் அட்டையோடும் மருத்துவச் சீட்டோடும் கைப்பையில் வைக்க வேண்டும். அவசரத்தில் விமானம் மூலம் நோயாளியை வெளியேற்றும் செலவையும் ஏற்கும் காப்பீடு தேவை.

குழுத்தலைவர் ஒவ்வொருவரிடமும் உடல்நலப் படிவம் வாங்கிவைப்பார். அந்தப் படிவத்தில் ஒன்றை மறந்துவிடக்கூடாது. ஒருமுறை மாணவர்களைக் கொடைக்கானலுக்குச் சுற்றுலா அழைத்துப்போனபோது, மலையேறிய இரவில் ஒரு மாணவிக்கு மூச்சுத்திணறல் வந்தது. அவளுக்கு ஆஸ்துமா இருப்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பெற்றோரிடம் வாங்கிய படிவத்தில் இரத்த வகைக்கும் ஒவ்வாமைக்கும் கட்டம் இருந்தது. 'வேறு நோய் ஏதும்' என்ற கட்டம் இல்லை. படிவத்தைத் தயாரித்தது நான்தான்.

மருத்துவ முகாம் நடத்தப் போகிறவர்களுக்கு இரண்டு செய்தி. தன் நாட்டில் செய்ய உரிமம் இல்லாத சிகிச்சையை வேறு நாட்டு ஏழைக்குச் செய்யக்கூடாது. நர்சிங் முதலாண்டு மாணவி அங்கே போய்ப் பல் பிடுங்குவதை அனுபவம் என்று சொல்ல முடியாது. அடுத்தது, மருந்துக் கொடை. நன்கொடையாகக் கொண்டுபோகும் மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு காலாவதிக் கெடு மிச்சமிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வீட்டு அலமாரியில் மிஞ்சிய மாத்திரைகளைத் திரட்டிக்கொண்டு போவது உதவியாகாது. இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத மாத்திரை கொடுத்துவிட்டு வந்தால், இரண்டாம் மாதம் அவர் எங்கே போவார் என்பதை அந்த ஊர்ச் சுகாதார நிலையத்தோடு பேசி முடிவு செய்துவிட்டுத்தான் முதல் மாத்திரையைக் கொடுக்க வேண்டும்.

குழந்தைகள்

அனாதை இல்லத்துக்குப் போய்க் குழந்தைகளோடு ஒரு வாரம் இருப்பது பலருக்கு மிகவும் பிடித்த வேலை. இதைத்தான் மிகவும் யோசித்துச் செய்ய வேண்டும். உலகெங்கும் இத்தகைய இல்லங்களில் வாழும் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதாகச் சேவ் தி சில்ட்ரன் அமைப்பின் 2009ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை முக்கால் பங்கு கூடிற்று. போரும் பஞ்சமும் முடிந்து பல ஆண்டுகள் கழித்து இல்லங்கள் பெருகியதற்கு, வெளிநாட்டுப் பார்வையாளர்களும் அவர்கள் தரும் பணமும் ஒரு முக்கியக் காரணம் என்று ஆய்ந்தவர்கள் கண்டார்கள். பள்ளிப் படிப்பும் மூன்று வேளைச் சாப்பாடும் கிடைக்கும் என்று நம்பி ஏழைப் பெற்றோர் பிள்ளையை விடுகிறார்கள். அதே பணம் அந்த வீட்டுக்கே போயிருந்தால் பிள்ளை அம்மாவோடு இருந்திருக்கும்.

வாரம் ஒரு குழு வந்து கட்டியணைத்துப் பாடி விளையாடிவிட்டுக் கண்ணீரோடு விடைபெறுகிறது. ஆண்டுக்கு முப்பது முறை யாரோ ஒருவர் தன்னை விட்டுப் போவதை அந்தக் குழந்தை பார்க்கிறது. யார் வந்தாலும் ஓடிவந்து மடியில் ஏறும் குழந்தையைப் பார்த்து, எவ்வளவு பாசம் என்று வந்தவர்கள் மகிழ்கிறார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் பிள்ளைகளோடு இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அறிமுகமில்லாதவரைக் கண்டால் மூன்று வயதுக் குழந்தை அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிய வேண்டும். ஒளிவதுதான் இயல்பு.

2010 ஜனவரியில் ஹெயிட்டி நிலநடுக்கம் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தவர் பெரும்பாலோராக இருந்த பாப்டிஸ்ட் குழு ஒன்றின் பத்துப் பேர், 33 குழந்தைகளைப் பேருந்தில் ஏற்றி அண்டை நாடான டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோக முயன்று எல்லையில் கைதானார்கள். உரிய தாள்கள் எதுவும் இல்லை. குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருந்தனர். அனாதைகளைக் காப்பாற்றுகிறோம் என்று அவர்கள் நம்பியிருக்கலாம். எட்டுப் பேர் பிப்ரவரியிலும், கடைசியாகக் குழுத்தலைவி மே மாதத்திலும் விடுதலையானார்கள்.

ஆகவே குழந்தைகளோடு பணி என்றால், அவர்களை அன்றாடம் பார்க்கும் உள்ளூர் ஆசிரியர்களுக்கும் தாதியருக்கும் துணையாக நிற்பதோடு குழு நின்றுகொள்ள வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தக் குழந்தையோடும் தனி அறையில் இருக்கக்கூடாது. குழுவில் ஒவ்வொருவருக்கும் காவல்துறைச் சான்று வாங்க வேண்டும். பெற்றோரைக் கேட்காமல் படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போடக்கூடாது. நம் வீட்டுப் பிள்ளையை யாரோ ஒருவர் படமெடுத்து 'ஏழைக் குழந்தை' என்று போட்டால் விடுவோமா?

மொழி, வீடு, சாப்பாடு

பத்து நாளுக்கு ஸ்பானிய மொழி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஐம்பது வாக்கியம் போதும். வழியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரைக் கடந்து போகும்போது 'புவென் புரோவேச்சோ' என்று சொல்லிவிட்டுப் போவது மத்திய அமெரிக்காவில் மரியாதை. பிறர் வீட்டுக்குள் காலெடுத்து வைக்குமுன் 'கொன் பெர்மிசோ' என்று கேட்பார்கள். நம்மைப்போலவே அவர்களுக்கும் 'நீ' வேறு, 'நீங்கள்' வேறு. ஹொண்டுராஸில் நெருங்கியவரை 'வோஸ்' என்பார்கள், பெரியவரை 'உஸ்தெத்' என்பார்கள். எழுபது வயதுப் பாட்டியை 'வோஸ்' என்று அழைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கும் அமெரிக்க இளைஞனின் தவறு, ஆங்கிலம் மட்டும் பேசுகிறவர்களைவிட நமக்குச் சட்டென்று புரியும்.

வீட்டில் தங்க வைத்தால், தண்ணீர் எந்த நேரம் வரும் என்று கேட்டு அதற்கேற்பக் குளிக்க வேண்டும். கழிப்பறைத் தாளைக் கழிகலத்தில் போடாமல் பக்கத்துக் கூடையில் போடுவது அங்கே பல இடங்களில் வழக்கம், குழாய் சிறியது. தட்டில் வைத்ததைச் சாப்பிட வேண்டும். விருந்தாளிக்கென்று கோழி அடித்திருந்தால், அந்த வாரம் அந்த வீட்டுக்கு வேறு கோழி இல்லாமல் இருக்கலாம். குடிநீரில் மட்டும் தயவு பார்க்காமல், கொதிக்க வைத்தது என்று உறுதியானால் குடிக்கலாம்.

இதையெல்லாம் மூன்று நான்கு மாதம் வாரம் ஒருமுறை கூடிப் பேசிப் பழக வேண்டும். அந்த நாட்டு வரலாற்றை ஒருவர், விலைவாசியை ஒருவர், அங்குள்ள திருச்சபைகளின் கதையை ஒருவர் என்று பிரித்துப் படித்துவந்து சொல்லலாம். 2003இல் அமெரிக்க அமைப்புகள் சில சேர்ந்து குறுகிய கால அருட்பணிக்கு ஏழு தரநெறிகளை வகுத்தன. பொருத்தமான பயிற்சியும் திரும்பியபின் முறையான தொடர்பணியும் அவற்றில் உள்ளன. ஆயத்த வகுப்புக்கு வராதவரை, எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும், அழைத்துப்போகாமல் இருக்கும் உறுதி தலைவருக்கு வேண்டும்.

திரும்பிய பிறகு

போகுமுன்பே திட்டமிட வேண்டிய பகுதி இது. ஊர் திரும்பி ஒரு மாதத்தில் ஒருமுறையும், ஆறு மாதத்தில் ஒருமுறையும் குழு கூடும் தேதியை முன்பே குறித்துவிட வேண்டும். அங்கே கொடுத்த வாக்குகளை ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது: இன்னாருக்குப் புகைப்படம், இன்னாருக்குக் கடிதம், பள்ளிக்கு வரைபடம். விடைபெறும் நேரத்தில் நெகிழ்ந்து சொல்லும் 'மறுபடியும் வருவேன்' என்பதை யாரும் சொல்லாமல் இருப்பது மேல். அங்கே ஒரு சிறுவன் அதை நம்பி அடுத்த ஜூலைவரை காத்திருப்பான்.

அழைத்தவர்களிடமும் ஒரு மதிப்பீடு கேட்க வேண்டும். போதகரிடம் நேரே கேட்டால் எல்லாம் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார். சமைத்தவர், ஓட்டுநர், மொழிபெயர்த்தவர் ஆகியோரிடம் குழு போனபின் வேறொருவர் மூலம் கேட்டு வாங்கினால் கொஞ்சம் உண்மை வரும். அந்தத் தாளை அடுத்த ஆண்டுக் குழுவின் முதல் கூட்டத்தில் படித்துக்காட்டலாம்.

திரும்பிய சில மாதங்களுக்குள், சில வகை மலேரியாவில் ஓராண்டு கழித்தும்கூட, காய்ச்சல் வரலாம். அப்போது பார்க்கும் மருத்துவரிடம் எந்த நாட்டுக்கு, எந்த மாதத்தில் போனோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.